வண்டிக்குள்ளேயே ஒரு காற்று கம்ப்ரசர்

மணலில் திணறும் ஃபோர்வீல் டிரைவ் வண்டிக்கு முதல் உதவி கயிறும் அல்ல, மண்வெட்டியும் அல்ல. டயரில் இருக்கும் காற்றைக் குறைப்பதுதான். தார்ச்சாலையில் 32, 35 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஓடும் டயரை 16, 18 பிஎஸ்ஐக்கு இறக்கினால் அது தரையில் நீளவாக்கில் படர்ந்து உட்காரும். வண்டியின் எடை அதிகப் பரப்பில் பரவுவதால் சக்கரம் மணலைத் தோண்டிக்கொண்டு கீழே போகாமல் மேலாகவே உருண்டு போகும். கல் பாதையிலும் இதே கதைதான். சற்றுத் தளர்ந்த டயர் கல்லின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப வளைந்து பிடித்துக்கொள்ளும். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் முதுகும் பிழைக்கும்.

இறக்குவதில் ஒரு கஷ்டமும் இல்லை. வால்வின் ஊசியை அழுத்தினால் காற்று தானே போய்விடும். திரும்ப ஏற்றுவதுதான் பாடு. தளர்ந்த டயரோடு சாலையில் வேகமெடுத்தால் டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும். அப்படி மடங்கி நிமிர்வதில் பிறக்கும் சூடு டயரை உள்ளிருந்தே கெடுத்து, கடைசியில் வெடிக்கும் நிலைக்குக் கொண்டுபோய்விடும். வளைவில் வேகமாகத் திரும்பினால் டயர் ரிம்மை விட்டு நழுவவும் வாய்ப்புண்டு. ஆகவே மணல் முடிந்து தார் தொடங்கும் இடத்திலேயே நான்கு டயருக்கும் காற்று அடித்தாக வேண்டும். அப்படிப்பட்ட இடங்களில் காற்றடிக்கும் கடை இருப்பதில்லை.

பையில் போட்டு எடுத்துப் போகும் கம்ப்ரசரும் இந்த வேலையைச் செய்யும். வருடத்துக்கு இரண்டு முறை மட்டும் மண் பாதைக்குப் போகிறவருக்கு அதுவே போதும் என்பது என் கருத்து. பொருத்துவதற்கென்று ஒரு நாள் முழுக்க வண்டிக்கு அடியில் படுத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் மாதம் ஒருமுறை போகிறவர்கள், ஒவ்வொரு முறையும் சாமான்களுக்கு அடியிலிருந்து பையைத் தேடி எடுத்து, பானட்டைத் திறந்து, பேட்டரியில் கிளிப் மாட்டி, புழுதியில் கம்ப்ரசரை வைத்து ஓட்டிச் சலித்துப் போவார்கள். சலிப்பு வந்தால் என்ன நடக்கும்? காற்றை இறக்கவே மாட்டார்கள், அப்புறம் மாட்டிக்கொள்வார்கள். வண்டியிலேயே நிரந்தரமாகப் பொருத்திய கம்ப்ரசர் இருந்தால் ஸ்விட்சைப் போட்டு ஹோஸை மாட்டினால் வேலை முடிந்தது. காற்றால் இயங்கும் டிஃபரன்ஷியல் லாக் (இடது, வலது சக்கரங்களைப் பூட்டி ஒன்றாகச் சுழலவைக்கும் பாகம்) உள்ள வண்டிகளுக்கோ இப்படி ஒன்று கட்டாயம் வேண்டும்.

எஞ்சினின் பெல்ட்டால் சுழலும் கம்ப்ரசர்களும் உண்டு. பழைய ஏசி கம்ப்ரசரை எடுத்துக் காற்றடிக்க மாற்றிக்கொள்வார்கள். காற்று ஏராளமாக வரும். ஆனால் அதற்கு பிராக்கெட் செய்ய வேண்டும், பெல்ட் நேராக ஓட வேண்டும், சில வகைகளில் எண்ணெயும் தனியாக ஊட்ட வேண்டும். முதல் முயற்சிக்கு அது வேண்டாம். இங்கே 12 வோல்ட் மின்மோட்டார் வகையை மட்டும் பார்ப்போம்.

எவ்வளவு காற்று வேண்டும்?

கம்ப்ரசர் வாங்கும்போது எல்லோரும் பார்ப்பது அது எத்தனை பிஎஸ்ஐ வரை போகும் என்பதை. அட்டைப்பெட்டியில் 150 என்று பெரிதாகப் போட்டிருக்கும். டயருக்கு வேண்டியது 35தான். அந்த 150 நமக்கு எதற்கு? நாம் பார்க்க வேண்டியது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று வருகிறது என்பதை. சில கம்ப்ரசர்களில் இதைக் கன அடியில் எழுதியிருப்பார்கள். ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். டயரின் உள்ளே 70 லிட்டர் இடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை 15 பிஎஸ்ஐயிலிருந்து 35க்கு ஏற்ற வேண்டும், அதாவது 20 பிஎஸ்ஐ கூட்ட வேண்டும். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. 20ஐ 14.7ஆல் வகுத்து 70ஆல் பெருக்கினால் 95 வரும். ஒரு டயருக்குள் வெளிக்காற்று 95 லிட்டரைத் திணிக்கிறோம் என்று அர்த்தம். நான்கு டயருக்கு 380 லிட்டர். கம்ப்ரசரின் மேல் நிமிடத்துக்கு 70 லிட்டர் என்று எழுதியிருந்தால், அது எதிரே எந்த அழுத்தமும் இல்லாதபோது வரும் அளவு. டயர் நிறைய நிறைய அது குறையும். சராசரியாக 50 என்று எடுத்துக்கொண்டால் மொத்தம் எட்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். டயருக்கு டயர் ஹோஸை மாற்றும் நேரம் தனி. இரட்டை மோட்டார் வகையில் இது ஏறக்குறையப் பாதியாகும்; மின்சாரம் இழுப்பதோ இரண்டு மடங்காகும்.

அதே பெட்டியில் இன்னொரு எண்ணும் இருக்கும்: டியூட்டி சைக்கிள். மோட்டார் எவ்வளவு நேரம் ஓடலாம், எவ்வளவு நேரம் ஓய்வெடுக்க வேண்டும் என்பதை அது சொல்கிறது. 50 சதவீதம் என்றால் ஓடிய நேரம் அளவுக்கு ஓய்வு வேண்டும். சைக்கிள் பம்பில் நாலு அடி வேகமாக அடித்துவிட்டு அதன் அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இதன் காரணம் புரியும். காற்றை அமுக்கினால் சூடாகும். கம்ப்ரசரின் தலைப்பகுதி கை வைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கும். மூன்றாவது டயரில் கம்ப்ரசர் திடீரென நின்றுபோனால் பதற வேண்டாம். நல்ல கம்ப்ரசர்களில், சூடு எல்லை மீறினால் தானே நின்று, ஆறியதும் தானே ஓடும் ஏற்பாடு உள்ளேயே இருக்கும்.

காற்றுத் தொட்டி வைக்கலாமா என்று பலர் கேட்பார்கள். தொட்டி இருந்தால் டயர் வேகமாக நிறையும் என்பது பரவலான நினைப்பு. அதையும் கணக்கில் போட்டுவிடலாம். 8 லிட்டர் தொட்டியில் 105 பிஎஸ்ஐ காற்று இருக்கிறது. அது 35க்கு இறங்கும் வரை நமக்குத் தருவது 70ஐ 14.7ஆல் வகுத்து 8ஆல் பெருக்கியது, அதாவது சுமார் 38 லிட்டர். ஒரு டயருக்கு வேண்டியதோ 95. அரை டயருக்குக்கூட வராத காற்றுக்காகப் பத்து இடத்தில் மூட்டு போட்டுக் கசிவு தேட வேண்டுமா? ரிம்மை விட்டு நழுவிய டயரை ஒரே மூச்சில் உட்கார வைக்கவும், காற்றில் இயங்கும் ஸ்பேனரைச் சில நொடிகள் ஓட்டவும் தொட்டி உதவும். டயருக்கு மட்டும்தான் என்றால் தொட்டி இல்லாமலே தொடங்குங்கள்.

எங்கே பொருத்துவது?

பானட்டுக்கு அடியில் வைப்பது சுலபம். பேட்டரி பக்கத்திலேயே இருக்கும், ஒயர் குட்டையாகப் போதும், சத்தமும் வெளியே போய்விடும். கெடுதல் என்னவென்றால் சூடு. ஏற்கெனவே கொதிக்கும் எஞ்சின் அறையில், தானே சூடாகும் ஒரு பொருளைக் கொண்டுபோய் வைக்கிறோம். டர்போவுக்கும் சைலன்சர் குழாய்க்கும் எவ்வளவு தள்ளி இடம் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது. இருக்கைக்கு அடியிலோ பின்பக்கச் சாமான் அறையிலோ வைத்தால் குளிர்ச்சியும் சுத்தமும் கிடைக்கும். ஆனால் ஒயர் நீளும், உள்ளே சத்தம் காதைக் கிழிக்கும். வண்டியின் அடிப்பக்கம் சேஸிஸில் தொங்கவிடுவதைச் சிலர் செய்கிறார்கள். சேறும் தண்ணீரும் அடிக்கும் இடம் அது. எனக்கு அதில் சம்மதமில்லை.

எங்கே வைத்தாலும், வண்டி எந்த அளவு தண்ணீரில் இறங்குமோ அந்த மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். சூடான கம்ப்ரசர் குளிர்ந்த தண்ணீரில் முங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். காற்று உள்ளே போகும் ஃபில்டரை மட்டும் ஒரு குழாய் வழியாக உயரமான, புழுதி குறைந்த இடத்துக்குக் கொண்டுபோகும் வசதி சில கம்ப்ரசர்களில் உண்டு. அந்த வசதி இருந்தால் விடாதீர்கள்.

மெல்லிய தகரத்தில் நேராகத் திருகி விடக்கூடாது. அது மேளம் மாதிரி அதிரும். நாளடைவில் போல்ட் ஓட்டையைச் சுற்றி விரிசல் விடும். கனமான பிராக்கெட் வேண்டும், நடுவே ரப்பர் புஷ் வேண்டும். துளை போடுவதற்கு முன்னால் மறுபக்கம் என்ன இருக்கிறது என்று எட்டிப் பாருங்கள். எரிபொருள் குழாயோ பிரேக் குழாயோ ஒயர் கட்டோ அங்கே ஓடிக்கொண்டிருக்கலாம். பக்கவாட்டு ஏர்பேக், சீட்பெல்ட் பகுதிகளை நெருங்கவே வேண்டாம்.

மின்சாரம்

உண்மையில் இந்த வேலையின் பெரும்பகுதி இதுதான். கம்ப்ரசரை நான்கு போல்டில் மாட்டுவது ஒரு மணி நேர வேலை. அது பல வருடம் ஒழுங்காக ஓடுமா, இல்லை ஒரு நாள் புகையுமா என்பதை முடிவு செய்வது ஒயரிங்.

ஒற்றை மோட்டார் கம்ப்ரசர் ஓடும்போது 25 முதல் 30 ஆம்ப் வரை இழுக்கும். டேஷ்போர்டில் இருக்கும் சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் ஃபியூஸ் பெரும்பாலும் 10, 15, மிஞ்சிப்போனால் 20 ஆம்ப். அந்த வழி இங்கே எடுபடாது. ஃபியூஸ் போகிறதே என்று பெரிய ஃபியூஸைப் போடுவது அதைவிடப் பெரிய தப்பு; அதன் பின்னால் இருக்கும் ஒயர் அப்போதும் பழைய ஒயர்தான். பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுத்தே ஆக வேண்டும்.

அந்த ஒயர் எவ்வளவு தடிமன்? பேட்டரியிலிருந்து கம்ப்ரசர் 3 மீட்டர் தூரத்தில் இருப்பதாகக் கொள்வோம். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டும், ஆக 6 மீட்டர் செம்பு. 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 30 ஆம்ப் ஓடினால் வழியிலேயே சுமார் 1.2 வோல்ட் காணாமல் போகும். 12 வோல்ட்டில் அது பத்தில் ஒரு பங்கு. காணாமல் போன சக்தி எங்கே போயிற்று? ஒயரிலேயே 37 வாட் சூடாக இறங்கிவிட்டது. ஈயம் பற்றவைக்கும் சிறிய சால்டரிங் அயர்ன் ஒன்றின் சூட்டை ஒயர் நெடுகப் பரப்பி வைத்ததற்குச் சமம். மோட்டாரும் மெதுவாகச் சுழலும், டயர் நிறைய அதிக நேரம் ஆகும், அதனால் கம்ப்ரசர் இன்னும் சூடாகும். அதே தூரத்துக்கு 10 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் இழப்பு 0.3 வோல்ட்தான். ஒரு எச்சரிக்கை: சில இடங்களில் வாகன ஒயரை அதன் மேல் உறையோடு சேர்த்த விட்டத்தைச் சொல்லி விற்பார்கள். "6 மில்லிமீட்டர்" என்றால் செம்பு 6 சதுர மில்லிமீட்டர் என்று நினைத்துவிடாதீர்கள். சதுர மில்லிமீட்டர் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள்.

அடுத்து ஃபியூஸ். இது யாரைக் காப்பாற்ற இருக்கிறது? மோட்டாரை என்று நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் முதன்முதலில் பொருத்தியபோது, கை எட்டச் சௌகரியமாக இருக்கட்டும் என்று கம்ப்ரசருக்குப் பக்கத்திலேயே ஃபியூஸை வைத்தேன். வேலை முடிந்து பெருமையாகக் காட்டியபோது, மின்வேலை தெரிந்த நண்பர் ஒருவர் பேட்டரியிலிருந்து வரும் ஒயரை விரலால் தடவிக்கொண்டே வந்து, ஒரு பிராக்கெட்டின் விளிம்பில் நிறுத்தினார். "இங்கே உறை தேய்ந்து பாடியில் பட்டால் எந்த ஃபியூஸ் போகும்?" என்று கேட்டார். எதுவும் போகாது. பேட்டரியால் நூற்றுக்கணக்கான ஆம்பை ஒரே நேரத்தில் கொட்ட முடியும். அதைத் தடுக்க வழியில் எதுவுமில்லை. ஒயர் செங்காவியாகச் சிவந்து, பக்கத்தில் இருப்பதையெல்லாம் பற்ற வைத்துவிட்டுத்தான் நிற்கும். ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரை. அதன் இடம் பேட்டரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரத்துக்குள். அன்றைக்கே பிரித்து மாற்றினேன்.

மோட்டார் கிளம்பும் கணத்தில் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு இழுக்கும் என்பதால், 30 ஆம்ப் கம்ப்ரசருக்கு 40 ஆம்ப் ஃபியூஸ் என்பது வழக்கம். தயாரிப்பாளர் ஓர் எண் சொல்லியிருந்தால் அதையே போடுங்கள். ஒயர் அந்த ஃபியூஸைவிட அதிகம் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இவ்வளவு மின்சாரத்தை டேஷ்போர்டில் இருக்கும் சின்ன ஸ்விட்ச் வழியாக விட முடியாது, ஸ்விட்ச் உருகிவிடும். இங்கேதான் ரிலே வருகிறது. வாசல் காவலாளிக்கு அதிகாரி கண்ணசைப்பது போல, சிறிய மின்சாரம் ஒன்று பெரிய மின்சாரத்துக்குக் கதவு திறந்துவிடும் பொருள் அது. அடியில் நான்கு கால்கள் இருக்கும், எண் போட்டிருக்கும். 30 என்ற காலுக்கு ஃபியூஸிலிருந்து வரும் தடித்த ஒயர். 87லிருந்து கம்ப்ரசருக்குப் போகும் தடித்த ஒயர். 86க்கு ஸ்விட்சிலிருந்து வரும் மெல்லிய ஒயர். 85 எர்த்துக்கு. ஸ்விட்சைப் போட்டதும் 86க்கும் 85க்கும் நடுவே இருக்கும் சுருள் காந்தமாகி, 30ஐயும் 87ஐயும் சேர்த்து வைக்கும். டக் என்று ஒரு சத்தம் கேட்கும்.

ஸ்விட்சுக்கு மின்சாரத்தைச் சாவி திருப்பினால் மட்டும் உயிர் பெறும் ஒயரிலிருந்து எடுங்கள். மறந்துபோய் ஸ்விட்சைப் போட்டபடி இறங்கிப் போனாலும், சாவி இல்லாமல் கம்ப்ரசர் ஓடி பேட்டரியை வெறுமையாக்காது. எப்போதும் எஞ்சினை ஓடவிட்டே காற்று அடியுங்கள். எஞ்சினால் சுழன்று மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் தரும் 14 வோல்ட்டுக்கு மோட்டார் நன்றாகவே சுழலும், பேட்டரியும் இறங்காது.

எர்த் ஒயரும் பிளஸ் ஒயர் அளவுக்கே தடிமனாக இருக்க வேண்டும். போய்ச் சேர்ந்த மின்சாரம் அத்தனையும் திரும்பி வரும் வழி அதுதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பாடியில் எர்த் கொடுத்தால் பெயின்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் இறுக்கி, மேலே துருப் பிடிக்காமல் கிரீஸ் பூசுங்கள். புதிய வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் மைனஸ் முனையில் ஒரு சின்ன சென்சார் உட்கார்ந்திருக்கும். பேட்டரியில் போவதையும் வருவதையும் அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதன் வேலை. அதைத் தாண்டி நேராக பேட்டரி முனையில் எர்த் கொடுத்தால் கணக்கு தவறும். சென்சாருக்கு அந்தப் பக்கம், சேஸிஸில் கொடுக்க வேண்டும்.

எஞ்சின் அறையிலிருந்து உள்ளே வரும் இடத்தில் ஓட்டைக்கு ரப்பர் கிரோமெட் (விளிம்பு ஒயரை வெட்டாமல் காக்கும் வளையம்) போடாமல் ஒயரை விடாதீர்கள். வழி நெடுக நெளிகுழாய்க்குள் ஒயரைப் போட்டு, ஒரு சாணுக்கு ஒருமுறை கட்டிவிடுங்கள். முனைகளுக்குச் சரியான லக் (ஒயர் நுனியில் மாட்டும் உலோக முனை) போட்டு, அதற்கான கிரிம்பிங் கருவியால் நசுக்குங்கள். கட்டிங் பிளேயரால் நசுக்கியது முதல் குலுக்கலில் கழன்று வரும்.

காற்றின் பாதை

கம்ப்ரசரிலிருந்து வெளியே வரும் காற்று கொதிக்கும். பிளாஸ்டிக் குழாயை நேராக அங்கே மாட்டினால் இளகிப் பிய்த்துக்கொள்ளும். முதல் ஒரு முழம், எஃகுப் பின்னல் போர்த்திய ஹோஸ்தான் இருக்க வேண்டும். அதன் பிறகு சாதாரணக் காற்றுக் குழாய் போதும்.

மூட்டுகளில் ஒரு பொறி இருக்கிறது. கால் அங்குல மரையில் இரண்டு உலகங்கள் உண்டு: அமெரிக்க அளவான என்பிடி, பிரிட்டிஷ் அளவான பிஎஸ்பி. முதலாவதில் ஓர் அங்குலத்துக்கு 18 மரை, இரண்டாவதில் 19. கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே தெரியும். கையால் திருகினால் இரண்டு சுற்று போகும், அப்புறம் இறுகும். சரிதான் போல என்று ஸ்பேனர் போட்டு அழுத்தினால் பித்தளை மரை நாசமாகி, என்ன செய்தாலும் கசியும். கம்ப்ரசரில் எது இருக்கிறதோ அதிலேயே எல்லாப் பாகமும் வாங்குங்கள். டெஃப்லான் டேப் சுற்றும்போது முனையில் முதல் இரண்டு மரையை வெறுமையாக விடுங்கள். கிழிந்த டேப் துணுக்கு வால்வுக்குள் போய் உட்கார்ந்தால் தேடி எடுப்பது பெரும் தலைவலி.

தொட்டியோ டிஃபரன்ஷியல் லாக்கோ இருந்தால் பிரஷர் ஸ்விட்ச் ஒன்று தேவை. 85 பிஎஸ்ஐக்குக் கீழே வந்தால் ஓட்டு, 105ஐ எட்டினால் நிறுத்து என்பது அதன் வழக்கமான வேலை. அதை ரிலேயின் மெல்லிய ஒயர் பக்கம் இணைக்க வேண்டும், தடித்த ஒயரில் இல்லை. கம்ப்ரசருக்கும் தொட்டிக்கும் நடுவே ஒருவழி வால்வும், தொட்டியில் சேஃப்டி வால்வும் வேண்டும். சேஃப்டி வால்வு இல்லாத தொட்டியை வண்டியில் ஏற்றாதீர்கள். பிரஷர் ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டு கம்ப்ரசர் நிற்காமல் போனால் அடுத்து என்ன என்பதை நினைத்தாலே போதும். தொட்டியின் அடியில் ஒரு திருகு வால்வு இருக்கும். அமுக்கிய காற்று ஆறும்போது அதிலிருக்கும் ஈரம் தண்ணீராகத் தேங்கும், அவ்வப்போது திறந்து வடிக்க வேண்டும்.

ஹோஸ் மாட்டும் இணைப்பு முனையை, அதாவது கப்ளரை, எங்கே வைப்பது என்பதில் ஆளுக்கொரு ரசனை. முன் பம்பரில் வைத்தால் பானட்டைத் திறக்க வேண்டியதில்லை, ஆனால் புழுதிக்கு மூடி வேண்டும். ஹோஸ் நான்கு டயரையும் எட்டும் நீளத்தில் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே ஒரு கயிற்றை வைத்து அளந்து பாருங்கள். பின்பக்க டயருக்கு ஒரு முழம் குறைந்துபோய், வண்டியைத் திருப்பி நிறுத்தினாலும் பயனில்லாமல் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முதல் ஓட்டம்

பேட்டரி இணைப்பைக் கடைசியாகக் கொடுங்கள். வேலை நடக்கும்போது மைனஸ் கழன்றே இருக்கட்டும். எஞ்சினை ஓடவிட்டு, டயரில் ஹோஸை மாட்டி, ஸ்விட்சைப் போடுங்கள். கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மல்டிமீட்டரால் பேட்டரி முனையிலும் கம்ப்ரசர் முனையிலும் வோல்ட் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எங்கோ ஒயர் மெலிசு, அல்லது ஏதோ ஒரு லக் சரியாக இறுகவில்லை. ஒயரை வழிநெடுகத் தொட்டுப் பார்த்தாலே எந்த இடம் என்று கை சொல்லிவிடும். மூட்டுகளில் எல்லாம் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு.

ஹோஸில் இருக்கும் மீட்டரை, காற்று ஓடிக்கொண்டிருக்கும்போது நம்ப வேண்டாம். அது டயரில் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். நிறுத்திவிட்டுப் படியுங்கள்.

முதல் கரடுமுரடான பயணம் முடிந்து வந்ததும் பானட்டைத் திறந்து, போல்ட்டுகளையும் லக்குகளையும் ஒரு சுற்று இறுக்கிப் பாருங்கள். ஏதாவது ஒன்று கால் சுற்று போகும். கம்ப்ரசரின் ஃபில்டரைக் கழற்றித் தட்டினால் கொட்டும் புழுதியைப் பார்த்து, அதை எத்தனை பயணத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்வது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.